ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது: எங்கள் டிரஸ்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும்,

வணக்கம். இதை எழுதுகிறவன் யார் என்று உங்கள் ஒன்பது பேருக்கும் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பதினோரு வருஷமாக, பிள்ளைகளுக்கு டியூஷன் சென்டர் நடத்துகிற நம்ம டிரஸ்டின் ஆபீஸில் கணக்கு எழுதி, கூட்டத்துக்கு ஜமக்காளம் விரித்து, மினிட் புக்கும் எழுதுகிறவன். டிரஸ்டின் பேரையோ ஊரின் பேரையோ போடப் போவதில்லை. காரைக்குடியில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடுகிற ஊர், அவ்வளவு போதும். வேறு ஊர்க்காரர் யாராவது படித்துவிட்டு, தங்கள் டிரஸ்டைத்தான் சொல்கிறேனோ என்று நினைத்தால் அதிலும் தப்பில்லை.

வெளியில் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். இதே விஷயத்தை இரண்டு தடவை கடிதமாகக் கொடுத்தேன். இரண்டு தடவையும் அது அஜெண்டாவில் "தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்" என்ற கடைசி வரிக்குள் போய், நேரமாகிவிட்டது என்று அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது. ஆவணியில் உங்கள் எல்லோருக்கும் மூன்று வருஷப் பதவிக்காலம் முடிகிறது. வழக்கம்போல "இதே நிர்வாகம் தொடரலாம்" என்று ஒருவர் முன்மொழிந்து, ஒருவர் வழிமொழிந்து, நான் எழுதி, ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் பேச எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

போன கூட்டத்தில் சென்னை அண்ணன் சொன்ன யோசனை நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு டிரஸ்டிக்கும் எவ்வளவு ஈடுபாடு என்று மார்க் போட்டுப் பார்ப்போம் என்றார். கூட்டத்துக்கு வந்ததற்கு 40, நன்கொடைக்கு 40, மற்றதற்கெல்லாம் சேர்த்து 20. அவரவர் தனக்குத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்பது படிவம் அனுப்பினேன், ஏழு திரும்பி வந்தது. ஏழிலும் 90-க்குக் குறைந்து யாரும் இல்லை. மூன்று படிவம் ஒரே நீல மையில், ஒரே கையெழுத்தில் இருந்தது. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். அவர் டிரஸ்டியே இல்லை, ஒரு அண்ணனின் கார் டிரைவர்.

சரி, படிவத்தை விடுங்கள். வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். மூன்று வருஷத்தில் 14 கூட்டம். எட்டுப் பேருக்குக் குறையாமல் வந்தது நாலு கூட்டத்துக்கு. அந்த நாலு தேதியையும் காலண்டரோடு வைத்துப் பார்த்தேன். இரண்டு, ஊரில் பெரிய கல்யாணம் நடந்த வாரம். ஒன்று, எல்லோரும் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வந்திருந்த நேரம். நாலாவது ஜூமில் நடந்தது. அதைப் பற்றி என்ன சொல்ல, ஏழு கறுப்புக் கட்டம், ஒரு அண்ணனின் நெற்றி, ஒரு மின்விசிறி. நான் பட்ஜெட் வாசித்துக்கொண்டிருந்தபோது கறுப்புக் கட்டம் ஒன்றிலிருந்து "திருப்பத்தூர் இறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று கண்டக்டர் குரல் கேட்டது. பதிவேட்டில் ஒன்பது டிக்.

நேரில் நடக்கிற கூட்டம் மட்டும் என்ன வாழ்ந்தது. 10 மணி என்று போட்டால் 10.50. 1939-இல் கம்பன் கழகம் தொடங்கிய அதே காரைக்குடிப் பக்கத்துக்காரர்கள் நாம். அதைத் தொடங்கிய கம்பனடிப்பொடி சா. கணேசன் கடிகாரத்தைப் பார்த்துத்தான் விழாவைத் தொடங்குவார், வந்திருப்பவர் எவ்வளவு பெரியவர் என்று பார்க்க மாட்டார் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள். நாமோ 10.50-க்கு வந்து, வளவில் உட்கார்ந்து, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று பேசி முடிப்பதற்குள் 11.05-க்கு வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் வந்துவிடுகிறது. அப்புறம் கை கழுவி வந்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, 12-க்குள் நாலைந்து தீர்மானத்தை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மினிட் புக்கை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எல்லாம் நான் எழுதியதுதான், ஆனால் மொத்தமாக உட்கார்ந்து படித்ததில்லை. 14 கூட்டத்தில் 63 தீர்மானம். அறுபத்து மூன்றும் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது". ஒருத்தர்கூட, ஒன்றுக்குக்கூட, "இது வேண்டாம்" என்று சொன்னதில்லை. சாயங்காலம் என்ன பலகாரம் என்பதற்கே நம் வீடுகளில் ஏகமனது கிடையாது. டிரஸ்டிகள் கேட்ட கேள்விகள் என்று நான் குறித்து வைத்தவை 11. அதில் ஆறு, ஆண்டு விழா அழைப்பிதழில் யார் பேர் முன்னால் வர வேண்டும், யாருக்கு ஒரு இனிஷியல் விட்டுப்போயிற்று என்பது பற்றி. இரண்டு, மதியச் சாப்பாடு யார் பொறுப்பு என்பது. மிச்சம் மூன்று கேள்விதான் டிரஸ்டைப் பற்றியது. மூன்றையும் கேட்டவர் ஒரே ஆள்.

அவரிடம் வருவதற்கு முன்னால் நம்ம வாட்ஸ்அப் குரூப்பையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷ ஆடிட் ரிப்போர்ட்டை, 41 பக்கம், சாயங்காலம் 6.12-க்குப் போட்டேன். 6.13-க்கு "மிக அருமை" வந்தது. 6.14-க்குள் மூன்று கும்பிடு, ஒரு கட்டைவிரல். அந்த ஃபைலில் 17-ஆம் பக்கம் தலைகீழாக ஸ்கேன் ஆகியிருந்தது. அதை என்னிடம் சொன்னவர் ஒருவர்தான், அவரும் மறுநாள் ராத்திரிதான் சொன்னார், ஏனென்றால் 17-ஆம் பக்கத்துக்கு வர அவருக்கு அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது.

அவர்தான் சிங்கப்பூர் அண்ணன். மூன்று வருஷத்தில் நேரில் ஒரு தடவை, ஜூமில் ஒரு தடவை. வருகைக்கு 40-க்கு 6 மார்க்கூடத் தேறாது. சித்திரையில் ஒரு நாள் ராத்திரி 9 மணிக்குப் போன் வந்தது. "தம்பி, ஐப்பசி கார்த்திகையில மழை, கரண்ட் போயிப் போயி வந்திருக்கும், ஜெனரேட்டருக்கு மாசம் ஆறாயிரம் டீசல், சரி. தை, மாசி, பங்குனியிலயும் அதே ஆறாயிரமா? ஒரு ரூபா கூடக் குறைய இல்லையே?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. மறுநாள் போய் டேங்கைப் பார்த்தேன், விசாரித்தேன். யார் என்ன செய்தார் என்பது இங்கே வேண்டாம், அவர் இப்போது வேலையில் இல்லை. அந்தப் பில் ஒவ்வொன்றிலும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இது நம்ம ஊருக்குப் புதுசா என்ன? உங்கள் ஐயாமார் காலத்தில் ரங்கூனிலும் பினாங்கிலும் கடை இருந்தது, முதலாளி இங்கே இருந்தார், கடையைப் பார்த்துக்கொள்கிற மேலாள் அங்கே இருந்தார். மூன்று வருஷக் கணக்குக்குப் போனவர் திரும்பி வரும்வரை இங்கே வந்து சேர்ந்தது கடிதமும் ஐந்தொகைக் கணக்கும்தான். அதை வைத்துக்கொண்டே எந்தப் பற்று இழுக்கிறது, எந்த வட்டி நின்றுபோயிற்று என்று முகப்பில் உட்கார்ந்தபடி கண்டுபிடித்துக் கடிதம் போட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதை அப்போது யாரும் சாக்காகச் சொல்லவில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். மேலத்தெரு அண்ணன் ஆபீஸிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். 14-க்கு 14 கூட்டம். வருஷா வருஷம் மே 31-க்குள் நன்கொடையாளர் விவரத்தை வருமான வரித்துறைக்கு 10பிடி படிவத்தில் ஏற்ற வேண்டும், அது போன பிறகுதான் கொடுத்தவர்களுக்கு 80ஜி வரிச்சலுகைக்கான சான்றிதழ் எடுக்க முடியும். அதற்கு அவர் போனுக்கு வருகிற ஓடிபி வேண்டும். ஆறு இலக்கம். 2023-இல் அந்த ஆறு இலக்கத்தை வாங்க எனக்கு எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? போன் அடிக்கிறது, எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனால், "இப்பத்தானே தம்பி வெளிய போனாக." கெடு தாண்டி 19 நாள், நாளுக்கு 200 ரூபாய், மொத்தம் 3,800. அதையும் டிரஸ்ட் பணத்தில்தான் கட்டினோம், அதற்கும் ஒரு தீர்மானம் போட்டோம், அதுவும் ஏகமனதாக. அவர் படிவத்தில் அவருக்கு 96.

நன்கொடைக்கு 40 மார்க் என்பது இன்னும் சங்கடமான இடம். மாடி கட்டிக் கொடுத்த அண்ணன் அவர் அப்பச்சி பேரில் 12 லட்சம் கொடுத்தார். கல்வெட்டு வைத்தோம், மாலை போட்டோம், அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. இரண்டு மழைக்காலமாக அந்த மாடி ஒழுகுகிறது. வந்து ஒரு தடவை பாருங்கள் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். பணம் கேட்கவில்லை, பார்க்கத்தான் கூப்பிட்டேன். கொடையாளரும் டிரஸ்டியும் ஒரே ஆளாக இருக்கலாம், வேலை இரண்டும் வேறு. மேடையில் எல்லோரும் வள்ளல் அழகப்பரைச் சொல்கிறீர்கள், மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார், 1948-இல் நேருவே வந்து அடிக்கல் நாட்டினார் என்று. கொடுத்தது சரி. அந்த ஆய்வகம் காரைக்குடிக்கு வேண்டும் என்று முன்னால் நின்று கேட்டு வாங்கியதும் அவர்தானே, அதை ஏன் மேடையில் விட்டுவிடுகிறோம்?

அப்படியென்றால் கேள்வி கேட்கிறவர்தான் நல்ல டிரஸ்டி என்று முடித்துவிடலாம் என்று கொஞ்ச நாள் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய ஆச்சி அந்த நினைப்பைக் கெடுத்துவிட்டார்.

ஆச்சி கூட்டத்தில் வாயே திறப்பதில்லை. நன்கொடையும் பெரிதாக இல்லை. ஆனால் வியாழக்கிழமை தவறாமல் ஐந்தரை மணிக்கு டியூஷன் சென்டருக்கு ஒரு தூக்கில் சுண்டலோடு வந்து, ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். சென்டர் எட்டு மணி வரை. பெண் பிள்ளைகள் ஏழு மணிக்கே கிளம்பிவிடும். நாம் எல்லோரும் சேர்ந்து அதற்குக் காரணம் பஸ் என்று முடிவு செய்தோம், கூடுதல் பஸ் கேட்டு மனுக் கொடுப்பதென்று தீர்மானம் போட்டோம், மனுவும் கொடுத்தோம். ஒரு வியாழக்கிழமை ஆச்சி கேட்டைத் தாண்டும்போது என்னிடம் சொன்னார்: "தம்பி, புள்ளைக ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு தெரியுமா? பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. ஒரு புள்ள உள்ள போனா இன்னொரு புள்ள வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்கணும். இருட்டினாப் போக பயப்படுதுக."

தாழ்ப்பாள் 180 ரூபாய். ஆசாரிக்கு 300. அரை மணி நேர வேலை. தாழ்ப்பாள் உடைந்து ஏழு மாசம் ஆகியிருந்தது என்று பிறகு தெரிந்தது. ஏழு மாசமும் நான் தினம் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருந்தேன், எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைகள் எட்டு மணி வரை இருந்தார்கள். பஸ் இன்றைக்கும் வரவில்லை.

இது மினிட் புக்கில் எங்கேயும் இல்லை, ஏனென்றால் கேட்டருகில் சொன்னதை யார் எழுதுகிறார்கள்? என் கேள்விக் கணக்கில் ஆச்சிக்குப் பூஜ்யம். சென்னை அண்ணன் படிவத்திலும் வருகைக்கு மேல் பெரிதாக ஒன்றும் வராது. ஆச்சி அந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்பவும் இல்லை, "இதுல நான் என்னத்த எழுத" என்று சொல்லிவிட்டார்.

போன மாசம் நான் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். ஆண்டு விழா மலரிலிருந்து உங்கள் ஒன்பது பேர் போட்டோவையும் டியூஷன் மிஸ்ஸிடம் காட்டி, இவர்கள் யார் என்று கேட்டேன். ஆறு வருஷமாக வேலை பார்க்கிறவர். மூன்று பேரைச் சொன்னார். நாலாவது போட்டோவைப் பார்த்து, "இவுக ஈபி ஆபீஸரா?" என்றார். வாட்ச்மேன் ஐந்து பேரைச் சொன்னார், அதில் இரண்டு பேரைக் கார் கலரை வைத்துச் சொன்னார். மார்க் போடுகிற படிவத்தைவிட எனக்கு இந்தப் பரிட்சை பிடித்திருக்கிறது. ஆனால் சிங்கப்பூர் அண்ணன் இதிலும் ஃபெயில், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீலிடம் கேட்டேன். கம்பெனியாக இருந்தால் வேலை சுலபம் என்றார். 2013 கம்பெனிச் சட்டத்தில் 167-ஆம் பிரிவு, பன்னிரண்டு மாசம் ஒரு போர்டு கூட்டத்துக்கும் வராத டைரக்டரின் பதவி தானாகக் காலி, லீவு சொல்லியிருந்தாலும் காலி. நம்மைப் போன்ற டிரஸ்டுக்குப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான், நம் பத்திரத்தில் அப்படி ஒரு வரி இல்லை. 1882-ஆம் வருஷத்து டிரஸ்ட் சட்டத்தின் 15-ஆம் பிரிவையும் காட்டினார். அது தனியார் டிரஸ்டுகளுக்கான சட்டம், ஆனால் கருத்து பொது டிரஸ்டுக்கும் பொருந்தும் என்றார். விவேகமுள்ள ஒரு சாதாரண மனிதர் தன் சொந்தச் சொத்தை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அப்படி டிரஸ்ட் சொத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம ஊரில் சொந்தச் சொத்தை எப்படிப் பார்க்கிறோம்? தெருவுக்குத் தெரு வரை நீளுகிற வீடு, முப்பது நாற்பது பங்கு, வருஷத்துக்கு ஒரு தடவை படைப்புக்குத் திறந்து, தூசி தட்டி, ஒரு வாரம் எல்லோரும் பாசமாக இருந்து, மறுபடி பூட்டிச் சாவியை வீடு பார்க்கிறவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம். ஓடு ஒழுகினால் எந்தப் பங்காளி மாற்றுவது என்று பேசி முடிப்பதற்குள் தேக்குத் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் போய் நிற்கிறது. டிரஸ்டையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சாவி என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு அண்ணன், யார் என்று சொல்ல மாட்டேன், ஒரு நாள் காரில் போகும்போது மனசு விட்டுச் சொன்னார்: "எனக்கு இதுல நாட்டமில்ல தம்பி. அப்பச்சி இருந்த இடம். விட்டா ஊர்ல என்ன சொல்லுவாக?" மூன்று வருஷத்தில் ஒரு டிரஸ்டி சொன்னதிலேயே நேர்மையான வார்த்தை அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. போவதற்கு ஒரு கௌரவமான வழி அவருக்கு நாம் வைக்கவில்லை. நகரத்தார் கோயில் காரியத்தில் அது இருக்கிறது. முறை வரும்போது பார்க்கிறார்கள், முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். காரியத்தை விட்டுவிட்டார் என்று யாரும் பேசுவதில்லை, முறை முடிந்தது என்றுதான் பேச்சு. நம் டிரஸ்டில் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்தால் அவமானம் என்று ஆகிவிட்டது.

அதனால் ஆவணிக் கூட்டத்தில் நான் கேட்பது இவ்வளவுதான். ஒன்பது பேரையும் ஒரே தீர்மானத்தில் மொத்தமாகத் தொடரச் செய்யாதீர்கள், ஒவ்வொரு பேராக எடுங்கள். அந்தப் பேருக்கு நேரே, கூட்டத்துக்கு வெளியே, யாரும் சொல்லாமல், அவராகச் செய்த ஒரு காரியத்தை, தாழ்ப்பாள் அளவு சின்னதானாலும் சரி, யாராவது ஒருவர் சொல்லட்டும். அவரே சொல்லக் கூடாது. டியூஷன் மிஸ்ஸையும் வாட்ச்மேனையும் இரண்டு பெற்றோரையும் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். யாருக்காவது நேரே எதுவும் வரவில்லை என்றால் அவரைத் திட்ட வேண்டாம், பொன்னாடை போட்டு, புரவலர் என்று ஒரு பட்டியல் தொடங்கி அதில் முதல் பேராகப் போடுவோம், அழைப்பிதழிலும் எல்லா இனிஷியலோடும் போடுவோம். பத்திரத்தில் ஒரு வரி சேர்ப்பதைப் பற்றியும் பேசுங்கள். ஆனால் "12 மாசம் வராவிட்டால்" என்று கம்பெனிச் சட்டத்தை அப்படியே எடுத்துப் போட்டால் முதலில் போகிறவர் சிங்கப்பூர் அண்ணன்தான், பார்த்துச் செய்யுங்கள்.

என் பக்கத்துத் தப்பும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் யோக்கியமாக இருக்காது. நீங்கள் கேள்வி கேட்பதில்லை என்று எழுதினேன். கேள்வி வராதபடி பேப்பர் தயார் செய்து கொடுத்தவன் நான்தான். நல்ல செய்தியெல்லாம் முதல் பக்கத்தில், ஒழுகுகிற மாடி கடைசிப் பக்கத்தில், டீசல் "இதர செலவு" என்ற தலைப்புக்குள். கூட்டம் சீக்கிரம் முடிந்தால் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. இந்தத் தடவை முதல் பக்கத்தில் மூன்று விஷயம் மட்டும் போடுகிறேன், மூன்றும் எனக்குப் பதில் தெரியாதவை: மாடி, அடுத்த வருஷம் டியூஷன் மிஸ் சம்பளத்துக்குக் குறைகிற தொகை, பத்தாம் வகுப்போடு நின்றுபோன நாலு பிள்ளைகள். பேப்பர் வியாழக்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். மொத்தம் 14 பக்கம், ஒன்றும் தலைகீழாக இருக்காது, நானே பார்த்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆபீஸ் தம்பி

பின்குறிப்பு: கூட்டம் 10 மணிக்கு. வெள்ளைப் பணியாரம் கடைசித் தீர்மானம் முடிந்த பிறகுதான் வரும், சமையல் ஆளிடம் சொல்லிவிட்டேன்.